மரியாதையான பிள்ளை

பழைய சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் எங்கள் தீவில் பெண்கள் யாரும் வீடு தங்குவதில்லை. கடல் நன்றாக வற்றும் நாள் அது. இறங்கிக் கையையும் காலையும் நனைத்துவிட்டால் வருஷத்துப் பீடை அத்தனையும் கழுவிக்கொண்டு போய்விடும். நனைக்காதவள் ஆந்தையாகிவிடுவாள் என்பாள் என் நாத்தனார் கிகுயே. கல்யாணமாகி வந்த புதிதில், "ஆந்தைக்கு அடுப்படி வேலை கிடையாதே அண்ணி, எனக்குச் சம்மதம்தான்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் நான் நிம்மதியாக இருந்த வாரம் அது ஒன்றுதான்.

நான் நாஹா நகரத்துக்காரி. கணவர் மோரிஹிதே இந்தத் தீவின் படகுத்துறையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. பேச்சு முழுவதையும் அவருடைய அக்காள் வாங்கிக்கொண்டாள். கிகுயே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தாள், ஐம்பது தாண்டியவள். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்குக் கவசம் கூடப்பிறந்தவளின் பிரார்த்தனைதான். அதனால் விடிந்ததும் என் சமையலறைக்கு வந்து அடுப்புத் தெய்வத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, வீட்டு விஷயம் அத்தனையும் ஒப்பிப்பாள். "நேத்து மாசயோ மீனைத் தீய்ச்சுட்டா, மன்னிச்சுக்க" என்பதும் அதில் அடக்கம். மாசயோ நான்தான். பூசை அவளுக்கு, பாத்திரம் எனக்கு.

எங்களுக்கு ஒரே பிள்ளை மிஹோ. வாயோடு பிறந்தவள். அந்த வசந்தத்தில்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அந்தக் கோடையில் தீவு முழுக்கச் சாலையில் வண்டிகள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறப் போகின்றன என்று ஊரெல்லாம் அதே பேச்சு. பிள்ளை பள்ளியில் சேர்ந்தால் இங்கே கல்யாணத்துக்குச் சமம்: பன்றி இறைச்சி வேகும், சொந்தமெல்லாம் வந்து இறங்கும், மாமன்மார்கள் குடித்துவிட்டு ஆடுவார்கள். அந்த விருந்துக்குக் கிகுயே ஒரு மேல்சட்டை தைத்துக்கொண்டு வந்தாள். குங்குமச் சிவப்பில் வெள்ளைப் பூ. துணி பழையது, தையல் புதிது.

மிஹோ அதைப் போட்டு முகர்ந்து பார்த்தாள். "அத்தை, கிழவி நாத்தம் அடிக்குது."

"வாயில போடு ஒண்ணு" என்றார் மோரிஹிதே. அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

கிகுயே கோபிக்கவில்லை. சட்டையின் கழுத்தைச் சரிசெய்துவிட்டு, "கிழவி நாத்தம் இல்லடி. பெட்டி நாத்தம்" என்றாள். பிறகும் அந்தத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் அதைப் பார்த்தேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்து முடிந்ததும் மிஹோ சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

அடுத்த சில நாளில் கடலிறங்கும் நாள் வந்தது. சாப்பாட்டுப் பெட்டிகளோடு பெண்கள் எல்லோரும் பவளப்பாறைத் திட்டுக்குப் போனோம். வெயில் இதமாக இருந்தது. காலை நனைத்தோம், சிப்பி பொறுக்கினோம், ஊர்க்கதை பேசினோம். கிகுயே மட்டும் ஒவ்வொரு வருஷமும் செய்கிற மாதிரி, கை கால் நனைத்த உடனே கரைக்குத் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். கடலைப் பார்த்துச் சாப்பிட்டால் எனக்குச் செரிக்காது என்பாள்.

மிஹோ ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு பாறை விளிம்புக்குப் போனாள். ஒரு கத்தல். நான் ஓடிப் பார்த்தபோது விளிம்புக்கு அப்பால் ஆழத்தில் அவள் தலைமுடி மட்டும் தெரிந்தது. எதிர்வீட்டு ஹாமா நீச்சல்காரி. குதித்து இழுத்து வந்தாள். பவளம் கிழித்து மிஹோவின் உடை நார் நாராகியிருந்தது. தண்ணீர் துப்பினாள், மூச்சு வந்தது. எல்லோரும் அழுதோம், சிரித்தோம். கிழிந்த உடையை மோரிஹிதே படகுத்துறைக் குப்பையோடு எரித்துவிட்டார்.

ஆனால் என் பிள்ளை திரும்பி வரவில்லை. உடம்பு வந்தது. உட்கார வைத்தால் உட்கார்ந்தாள், படுக்க வைத்தால் படுத்தாள். கஞ்சியை வாயில் வைத்தால் விழுங்கினாள். கண் எதையும் பார்க்கவில்லை. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பயந்திருக்கிறாள், சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். ஒரு வாரமாகியும் ஆகவில்லை.

"மபுயி விழுந்துடுச்சு" என்றாள் கிகுயே.

மபுயி என்றால் உயிர். செத்தால் போகிற உயிர் இல்லை. திடுக்கிட்டால் உதிர்ந்துவிடுகிற உயிர். விழுந்த இடத்திலேயே கிடக்கும். அந்த இடத்துக்கே போய், உடுத்திய துணியைக் காட்டிக் கூப்பிட்டு, துணியில் சுமந்து வந்து உடம்பில் போர்த்த வேண்டும். தீவில் முதுகு வளைந்த பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான்.

"நாஹாவுல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு அண்ணி."

"இருக்கட்டும். அந்த ஆஸ்பத்திரிக்காரன் பாறை மேல வந்து கூப்பிடுவானா?"

மோரிஹிதேயைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிடட்டுமே" என்றார். அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. சரி என்றேன்.

அன்றைக்கு உடுத்திய துணிதான் எரிந்து போயிற்றே என்று கேட்டதற்கு, "அவ மேல பட்டது எதுவானாலும் போதும்" என்று சொல்லி அலமாரியைத் திறந்து கிகுயே அந்தச் சிவப்புச் சட்டையை எடுத்தாள். நல்ல துணியாக இருக்கட்டும் என்று எடுத்திருப்பாள். அந்த நிமிஷத்தில் அவள் மனதில் கள்ளம் இல்லை. இன்றைக்கும் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

கடல் வற்றிய நேரத்தில் இருவரும் பாறைக்குப் போனோம். சோற்று உருண்டை வைத்தாள், ஊதுபத்தி ஏற்றினாள். சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "மபுயி, மபுயி, வா கண்ணு, பின்னாலேயே வா. வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டாள். கூழாங்கற்கள் பொறுக்கிச் சட்டையில் முடிந்தாள். பிறகு யாரிடமும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். பின்னால் காலடி கேட்டது, முதுகு சிலிர்த்தது என்றெல்லாம் சொன்னால் பொய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. செருப்பு கடித்தது, அவ்வளவுதான்.

சட்டையை மிஹோவின் தோளில் போர்த்தினாள். கொஞ்ச நேரம் போயிற்று. பிள்ளை கண்ணைச் சிமிட்டினாள். சுற்றிலும் பார்த்தாள். சிரித்தாள்.

வீடே ஆனந்தக் கூத்தாடியது. மோரிஹிதே வாசலுக்கு ஓடி வழியில் போனவரையெல்லாம் உள்ளே இழுத்தார். நான் கிகுயேயின் காலில் விழாத குறை. கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இனிமே நீங்க சொல்றதுதான் எனக்கு வேதம்" என்று உளறினேன். சோறும் மீனும் போட்டுக் கொடுத்தேன். பிள்ளை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, கையைத் தொடைமேல் வைத்து, குனிந்து சொன்னாள்:

"சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கடல்ல முங்கி எழுந்ததும் மரியாதை வந்துடுச்சு, எங்க வீட்டுப் பிள்ளைகளையும் தள்ளி விடுறோம் என்றாள் ஹாமா. நானும் சிரித்தேன். அன்று ஒருநாள்தான்.

மறுநாளும் அப்படியே. "தண்ணி குடிச்சுக்கலாமாங்க?" "இங்க உக்காரலாமாங்க?" ஒரு இடத்தில் உட்காரச் சொன்னால் அதே இடத்தில் இருந்தாள். நான் மறந்துபோய்க் கடைக்குப் போய் வந்தால், கால் மரத்துப்போய், அசையாமல் அங்கேயே. "இப்ப நகரலாமாங்க?" என்று கேட்டாள். மிஹோவை ஒரு இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால் ஆணி அடிக்க வேண்டும்.

டப்பா இறைச்சி என்றால் மிஹோவுக்கு உயிர். திறக்கும் சத்தம் கேட்டாலே பறந்து வருவாள். பொரித்து வைத்தேன். குச்சியால் புரட்டிப் பார்த்து, "இது என்னதுங்க?" என்றாள். பழைய ஆட்கள் தின்கிற மீன்கண்ணைத் தோண்டித் தின்றாள். டிவி போட்டால், எழுந்து போய்ப் பின்பக்கம் பார்த்தாள்.

ஒரு தாய்க்குத் தன் பிள்ளை தன்னை மதிப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை. வையடி, என்னைத் திட்டடி, உதையடி என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். விருந்துக்கு வந்த வீட்டில் இருக்கிற பிள்ளை மாதிரி அவள் என்னிடம் இருந்தாள். வெளியே யாரிடம் சொல்ல? பிள்ளை பணிவாகிவிட்டாள் என்று எந்தத் தாய் புகார் சொல்லுவாள்? சொன்னால் எனக்குத்தான் மபுயி விழுந்துவிட்டது என்பார்கள்.

சாயங்காலமானால் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். "நாபீ எப்ப வருவாங்க?" என்பாள்.

"நாபீ யாரு கண்ணு?"

"நாபீதாங்க." இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்ப்பாள்.

மோரிஹிதேயைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கிகுயேயைக் கேட்டேன். தெரியாது என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். ஆனால் அந்த நாட்களில் அவள் எங்கள் வீட்டைவிட்டு நகரவே இல்லை. பழைய காலத்து மாவுப் பலகாரம் செய்துகொண்டு வந்து பிள்ளை முன்னால் வைப்பாள். முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்தை முகத்துக்கு நேராகக் கொண்டுபோவாள். "என்னைப் பாரு. நல்லாப் பாரு. நான் யாரு?" பிள்ளை பலகாரத்தை வாங்கிக்கொண்டு, "நீங்க நல்ல பாட்டிங்க" என்பாள். ஒருநாள் அதைக் கேட்டுவிட்டுக் கிகுயே எழுந்து போய்க் கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவினாள். அத்தை என்று கூப்பிடவில்லை என்று வருத்தம்போலும் என்று நான் நினைத்தேன்.

பௌர்ணமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பத்து ஷீமி. முன்னோர் கல்லறை முற்றத்தில் பாய் விரித்து, செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள். எனக்கு இந்தத் தீவில் பிடித்த ஒரே பூசை அது. கடல் தெரியும், காற்று வரும், செத்தவர்களுக்குப் படைத்த கையோடு நாமே தின்னலாம். பன்றி இறைச்சி, கடற்பாசி முடிச்சு, பொரித்த தோஃபு, அரிசி உருண்டை என்று விடிவதற்கு முன்பே எழுந்து அடுக்கியிருந்தேன். சித்தப்பா வீட்டார் வந்தார்கள். மாமன்மார்கள் வந்ததுமே சாராயத்தைத் திறந்துவிட்டார்கள்.

"செத்தவங்களுக்கு முதல்ல ஊத்துங்கடா" என்று கிகுயே அதட்டினாள்.

"அவங்க எங்கயும் போயிட மாட்டாங்க அக்கா. பஸ்ஸுக்கா போகணும்?"

சிரிப்பு அடங்கியதும் கிகுயே கல்லறை வாசலுக்கு முன் மண்டியிட்டாள். உள்ளே ஜாடிகளில் எலும்பாக இருப்பவர்களை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது அவள் வழக்கம். அப்பா பெயர், அம்மா பெயர், போரில் குகையில் இறந்த அண்ணன்மார் பெயர்கள். "சாப்பிட வாங்க. பிள்ளைங்க எல்லாரும் வந்திருக்கோம். வாங்க." கடைசியாக அவள் குரல் தணிந்தது. "சிரூ, நீயும் வா."

"வந்துட்டேங்க" என்றாள் என் மகள்.

பாயில் உட்கார்ந்தபடியே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வது போல, தெளிவாக. மாமன்மார்கள் மீண்டும் சிரித்தார்கள். மோரிஹிதே சிரிக்கவில்லை. சிரூ யார் என்று அவருக்குத் தெரியும். அவர் தொட்டிலில் இருந்தபோது கடலில் போன சின்ன அக்காள். உடல் கிடைக்கவில்லை. பெயர் மட்டும்தான் அவர் அறிந்தது. அவர் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து பாய் நனைந்தது.

கிகுயே திரும்பவே இல்லை. அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு முன்பே தெரியும்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கல்லறைக்குப் பின்னால் போனேன். மூத்தவள், பூசைக்காரி என்ற மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று.

"யாரைக் கூட்டிட்டு வந்தீங்க? என் பிள்ளைக்குள்ள யாரைக் கொண்டுவந்து வெச்சீங்க?"

"சத்தம் போடாத."

"போடுவேன்! அந்தத் துணி யாரோடது?"

அவள் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தாள். "சிரூவோடது. திருவிழாவுக்கு அம்மா நெய்தது. அவ போன அன்னிக்கு வீட்டுல மடிச்சு வெச்சிருந்துச்சு. போர்ல குகை குகையா ஓடுனப்போ அரிசியைப் போட்டுட்டு அதைத் தூக்கிட்டு ஓடுனேன். பெட்டியில பூச்சி அரிக்குதேன்னு மிஹோவுக்கு வெட்டித் தெச்சேன். பாறையில அதை விரிக்கறப்போ நான் யோசிக்கவே இல்ல மாசயோ. சத்தியமா. துணியைப் பார்த்து அவ வந்துட்டா."

"தெரிஞ்சதும் ஏன் சொல்லல?"

அவள் கல்லில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"நாபீ யாரு?"

"நான்தான்" என்றாள். "பள்ளிக்கூடத்துல கிகுயேன்னு எழுதுனாங்க. அப்போ வீட்டுல எல்லாருக்கும் நான் நாபீதான், அவ போன பிறகு யாரும் அப்படிக் கூப்பிடல. கடலிறங்குற நாளு. எனக்குப் பத்து வயசு. பெரிய சிப்பி அந்தப் பக்கம் இருக்கு, நீ இந்தப் பாறையிலேயே இரு, நான் வர்ற வரைக்கும் நகராதேன்னு சொல்லிட்டுப் போனேன். அவ சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை. தண்ணி ஏறுனப்பவும் நகரல. உள்ள ஜாடியில அவளுக்குன்னு வெறும் கல்லுதான்டி வெச்சிருக்கோம், அந்தப் பாறையில எடுத்தது."

அழுதாள். அந்த மனுஷி அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கோபம் ஒரு நொடி தடுமாறியது. அவள் அதைக் கண்டுகொண்டாள். என் கையைப் பிடித்தாள்.

"கொஞ்ச நாள் குடு. அவளுக்கு என்னை அடையாளம் தெரியல. இந்த மூஞ்சியை எப்படித் தெரியும்? தெனமும் பார்த்தா தெரிஞ்சுடும். அடுத்த ஷீமி வரைக்கும். அப்புறம் நானே..."

"அண்ணி" என்றேன். "உங்க தங்கச்சி இங்க இருக்கான்னா, அவ நின்ன இடத்துல இப்ப யாரு நிக்கிறா?"

கிகுயேயின் கை என் கையில் அப்படியே நின்றது.

"என் பிள்ளை நிக்கிறா. அவளைக் கூப்பிட யாரும் வரல. அவளுக்குச் சொன்ன பேச்சு கேக்குற பழக்கமும் இல்ல. எவ்வளவு நாள் நிப்பா அண்ணி?"

எனக்கு அப்போது நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். நம்பிக்கை, அவநம்பிக்கை எல்லாம் பிள்ளை வீட்டில் இருக்கிறவர்களுக்கு.

கிகுயே முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "தண்ணி இப்ப வத்தி இருக்கும்" என்றாள். "மிஹோவோடது ஏதாவது எடுத்துக்க. துவைக்காததா."

வீட்டில் நான் எல்லாவற்றையும் துவைத்துத் தொலைத்திருந்தேன். கடைசியில் அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த பழைய தலையணை உறை ஒன்று அகப்பட்டது. கைக்குழந்தைப் பழக்கமாக அவள் மூலையைச் சப்பிச் சப்பிக் கறுத்துப்போனது. முகத்தில் வைத்தேன். அந்தப் புளித்த எச்சில் வாடைக்கு நான் அழுதேன்.

மோரிஹிதேயைக் கரையில் நிறுத்திவிட்டு மூவரும் இறங்கினோம். இது பெண்கள் காரியம். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஷீமிக்கென்று அவள் போட்டிருந்த சிவப்புச் சட்டையைக் கிகுயே கழற்றி வாங்கிக்கொண்டாள். பாறை நெருங்க நெருங்கச் சின்னக் கை என் கைக்குள் இறுகியது.

"இங்க மறுபடியும் நிக்கணுமாங்க?" என்றாள்.

அவளும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். கையை விடவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. "நாபீ வருவா" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

கிகுயே என்னைப் பார்த்தாள். பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத பக்கம் போனாள். அலை திரும்பத் தொடங்கியிருந்தது. குழிகளில் தண்ணீர் சத்தமில்லாமல் நிறைந்துகொண்டிருந்தது.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பன்னிரண்டு வருஷம் தினமும் காலையில் என்னைத் திட்டிய குரல் அல்ல அது. மெல்லிய, மூச்சிரைக்கிற, விளையாட்டு அவசரம் தெரிகிற ஒரு சிறுமியின் குரல்.

"சிரூ! ஏய் சிரூ! வா போலாம்! தண்ணி ஏறுது, ஓடி வா!"

"நாபீ!"

கையை உதறிக்கொண்டு பிள்ளை ஓடினாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தப் பிள்ளையின் குரலிலும் கேட்டதில்லை. நானும் பின்னால் ஓடினேன், வழுக்கி விழுந்து, முட்டி கிழிந்து, எழுந்து. பாறையைச் சுற்றியதும் கண்டேன். கிகுயே சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நின்றாள். பிள்ளை அவளுக்குச் சில அடி முன்னால், தண்ணீரில், அசையாமல் நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வாரத்து வெறும் முகம்.

தலையணை உறையை அவள் தலையோடு போர்த்தி அணைத்துக்கொண்டேன். "மிஹோ! மிஹோ! வாடி, அம்மாகிட்ட வாடி. வா, பின்னாலேயே வா." சடங்கில் சொல்ல வேண்டியது எதுவும் நினைவில்லை. கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது.

உறைக்குள் ஏதோ நெளிந்தது. "விடும்மா, மூச்சு முட்டுது! பைத்தியமா நீ? ஏன் இவ்வளவு நேரம் வரல?"

அவளை முதுகில் தூக்கிக்கொண்டேன். அவள் திட்டிக்கொண்டே வந்தாள். காலெல்லாம் குளிருதாம், நான் எப்போதும் லேட்டாம், அப்பாவிடம் சொல்லிக் கொடுப்பாளாம். சொல்லடி, இன்னும் சொல்லடி என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். கிகுயே எங்களுக்குப் பின்னால் வந்தாள். மணல் வரும்வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அது முறை. மணலில் கால் வைத்ததும் அவள் கையைப் பார்த்தேன். சட்டை இல்லை.

"அண்ணி, உங்ககிட்ட வந்துட்டாளா?"

கிகுயே ஈரப் பாவாடையைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"வந்தா. ஓடித்தான் வந்தா" என்றாள். "என் மூஞ்சியைப் பார்த்ததும் நின்னுட்டா. என்கிட்டயே கேட்டாடி, 'பாட்டி, நாபீயைப் பார்த்தீங்களா'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணி ஏறிக்கிட்டிருந்துச்சு. உன் பிள்ளை அதுல நின்னுக்கிட்டிருந்தா. வேற என்னத்தச் சொல்றது மாசயோ? குளிருமேன்னு சட்டையைப் பாறை மேல போத்திவிட்டேன். 'நாபீ இப்ப வந்துடுவா, நீ இங்கேயே நகராம இரு'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

நூறு தடவை அந்த இடத்தில் நின்றாலும் நான் என் பிள்ளையைத்தான் தூக்கிக்கொண்டு வருவேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் சடங்கு முடிந்து திரும்பிப் பார்க்கலாம் என்று ஆன பிறகும், எங்கள் இரண்டு பேருக்கும் திரும்பத் துணிச்சல் வரவில்லை. மிஹோ என் முதுகில் கிடந்து பசிக்குது பசிக்குது என்று உதைத்தாள். கிகுயேயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.